கையில் ஒரு ரப்பர் வளையம்

திருநகர், மதுரை
ஜனவரி 4

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஷிப்டு முடிந்து வந்தவள் சேலைகூட மாற்றாமல் வாசப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். பனியன் கம்பெனியில் உன்னை ஃப்ளோர் இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள் என்ற வரியைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை, அம்மாவைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அடுத்த பத்தியில் "வேணாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன்" என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் மனசு கனத்துப்போனது. 18 வருஷம் மெஷினில் உட்கார்ந்து, செக்கிங்கில் நின்று, லைன் பார்த்து வந்து சேர்ந்த இடம்டி அது. மாதம் ஒரு தடவை முதலாளிக்கும், சரக்கு வாங்குகிற பையருக்கும் முன்னால் எழுந்து பேச வேண்டுமே என்பதற்காகவா அதை விடப் போகிறாய்?

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது அவளே ஊசியில் நூல் கோக்கிறாள். பனியில் மல்லி வரத்து சுருங்கிவிட்டது, மாட்டுத்தாவணிப் பக்கம் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. மகள் மனவியல் இரண்டாம் வருஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கப்பலூரில் எங்கள் ஃபேக்டரிக்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நாங்கள் அனுப்பிய ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தில் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்திருந்தது. என்ன காரணம், இனி வராமலிருக்க என்ன செய்தோம் என்று குவாலிட்டி சார்பில் நான் சொல்ல வேண்டும். 22 ஸ்லைடு, அத்தனையும் இங்கிலீஷ். முந்தின ராத்திரி இரண்டு மணி வரை மனப்பாடம் செய்தேன். நாலாவது ஸ்லைடில் ஒரு வார்த்தை நழுவியது. அதோடு அடுத்து வரவேண்டிய எல்லாம் போய்விட்டது. அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரையைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தேன். கை நடுக்கத்தில் பாயிண்டரின் சிவப்புப் புள்ளி சுவரெல்லாம் ஓடியது. மேனேஜர் மெதுவாக வந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில் திருநகர் வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தேன்.

மறுநாள், ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்துகிற பிரஸ் பக்கத்தில், புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அதே பழுதைக் காட்டிக்கொண்டிருந்தேன். வளையத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து லேசாக மடக்கினால், அச்சின் இரண்டு பாதியும் சேருகிற கோட்டில் நகத்தால் கிள்ளின மாதிரி ஒரு பிசிறு தெரியும். "உள்ள அளவுக்கு மேல ரப்பர் வச்சா சூட்டுல விரியும். போக இடம் இல்லாம நெருக்கிக்கிட்டு நிக்கும். அச்சத் தொறந்ததும் இந்தக் கோட்டுல பிச்சுக்கிட்டு வரும். அதனாலதான் துண்டு வெட்டினதும் தராசுல வைன்னு சொல்றேன்." அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற மூத்த ஃபோர்மேன் அண்ணன், "ஏன் தாயி, நேத்து அவங்க கேட்டதும் இதைத்தான?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. லைனில் தினமும் பத்துப் பேருக்கு முன்னால் நான் பேசுகிறேன். அங்கே பயம் வந்ததே இல்லை. காரணம், என் கண் அந்த வளையத்தின் மேல் இருக்கும், நான் எப்படித் தெரிகிறேன் என்ற நினைப்பே வராது. அடுத்த முறை அவர்கள் வந்தபோது ஐந்து ஸ்லைடு மட்டும் வைத்துக்கொண்டேன். நல்ல வளையம் ஒன்று, பழுதானது ஒன்று, இரண்டையும் மேசையில் வைத்து, "இதை மடக்கிப் பாருங்க சார்" என்று தொடங்கினேன். ஒருவர் எடுத்து மடக்கினார். பக்கத்தில் இருந்தவர் கை நீட்டி வாங்கினார். அப்புறம் அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன். நெஞ்சு அன்றைக்கும் படபடவென்றுதான் இருந்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை. வெளியே வந்து "ரொம்ப நடுங்கினேனாண்ணே?" என்று கேட்டால், "நடுங்குனியா?" என்கிறார் அண்ணன்.

இதை மகளிடம் சொன்னபோது, பாடத்திலேயே இருக்கிறது என்றாள். நம் பதற்றம் மற்றவர்களுக்கு அப்படியே தெரிகிறது என்று நாம் நினைப்போம், உண்மையில் நாம் நினைக்கிற அளவுக்கு அது வெளியே தெரியாதாம். சவிட்ஸ்கி, கிலோவிச் என்று இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல் எழுதியிருக்கிறார்கள். பேசப் போகிறவர்களிடம் இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவைத்தால், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்களாம். அதனால்தான் உனக்கும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

போன மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு தமுக்கத்தில் காந்தி மியூசியம் போனேன், ஏழாம் வகுப்பில் நாம் வரிசை கட்டிப் போனோமே, அதே இடம். காந்தி பாரிஸ்டர் படித்துவிட்டு வந்தவர், பம்பாய் கோர்ட்டில் முதல் வழக்குக்கு எழுந்ததும் தலை சுற்றி, ஒரு கேள்விகூட வராமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கின 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் 1893-ல் பிரிட்டோரியாவில் அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மையாக இருப்பதைப் பற்றிப் பேசினார். தன் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். என்ன சொல்ல வேண்டும் என்பதை நன்றாகத் தயார் செய்துகொண்டு போனாராம். அதற்கு 28 வருஷம் கழித்து, 1921 செப்டம்பரில், நம் ஊர் மேலமாசி வீதியில் ஒரு வீட்டில்தான் அரையாடைக்கு மாறி ஜனங்களுக்கு முன்னால் வந்தார். மியூசியத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இங்கிலீஷ் வராது என்று எழுதியிருக்கிறாய். எண்ணிக்கையை ஸ்லைடில் இங்கிலீஷில் போட்டுவிடு, விளக்கத்தைத் தமிழில் சொல், பையருக்கு மெர்ச்சண்டைசர் எடுத்துச் சொல்லட்டும். ஊசி முனை மழுங்கினால் பனியன் துணியில் எப்படிப் பொத்தல் விழும் என்று அந்த அறையில் உன்னைவிட யாருக்குத் தெரியும்? பொத்தல் விழுந்த துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போ. முதல் இரண்டு வரியை மட்டும் மனப்பாடம் செய், மிச்சத்தை உன் கை பார்த்துக்கொள்ளும். எழுந்திருக்கும் முன்னால் மூச்சை இழுத்ததைவிட மெதுவாக, நீளமாக விடு. படபடப்பு நிஜமாகவே கொஞ்சம் இறங்கும். அப்புறம், மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்ப்பது போதாது. வாய்விட்டுப் பேசி, ஃபோனில் பதிவு செய்து கேள். நான் அப்படிக் கேட்டபோது நாலு நிமிஷத்தில் 19 "வந்து" இருந்தது. "வந்து" வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி நிற்கப் பழகினேன். அதற்கே மூன்று மாதம் பிடித்தது. நீ அவசரப்படாதே.

மீட்டிங் மாசிக் கடைசியில் என்றாய். அதற்கு முன்னால் தைப்பூசம் வருகிறது. தெப்பத்துக்குக் கட்டாயம் வந்துவிடு. சாயங்காலம் கூட்டம் சேரும் முன்பே தெப்பக்குளம் படிக்கட்டில் போய் உட்காருவோம். நான் பையர், மகள் முதலாளி. முழுசாக ஒரு தடவை எங்களுக்குப் பேசிக் காட்டு. கேள்வி கேட்போம், குறுக்கே பேசுவோம். வரும்போது அந்தப் பொத்தல் துணியையும் மறக்காமல் எடுத்து வா. ராத்திரி நம் வீட்டில்தான் சாப்பாடு, அம்மா இப்போதே உனக்குப் பணியாரத்துக்கு அரிசி எடுத்து வைத்திருக்கிறாள்.

உன்,
பாண்டீஸ்வரி