நீர்த்தேக்கத்தில் அலையில்லாப் பகுதி அமைய உதவிய அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூரில் எங்கள் வட்டார நீர்த்தேக்கத்தில், படகுத்துறையை ஒட்டிய நீர்ப்பரப்பிலும் மிதக்கும் செடித் திட்டுகள் இருக்கும் மூலையிலும் விசைப்படகுகள் அலை எழுப்பாமல் தவழ்ந்துதான் செல்ல வேண்டும் என்னும் நடைமுறை, பல மாத வாக்குவாதத்துக்குப் பிறகு எல்லாத் தரப்பினரின் ஒப்புதலோடும் நடப்புக்கு வந்திருக்கிறது. வார இறுதிகளில் அங்கே பிள்ளைகளோடு கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு செலுத்தும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில், இதற்காக நேரத்தையும் பொறுமையையும் செலவிட்ட உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறிய விஷயமாகத் தெரியலாம். டிராகன் படகுப் பயிற்சியின்போது பயிற்றுவிப்பாளரின் விசைப்படகு பக்கத்திலேயே விரைந்து செல்லும். அது கிளப்பும் அலை கருங்கல் பதித்த கரையில் மோதி, அடங்காமல் திரும்பி வரும். துடுப்பைச் சரியாகப் பிடிக்கக்கூடப் பழகாத பிள்ளையின் கயாக்கை ஒரே அலை போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் உலுக்கிவிடும். செடித் திட்டுகளின் வேர்களும் ஆட்டம் காணும். ஆழமில்லாத இடங்களில் அடிச்சேறு கலங்கி, அதில் படிந்திருக்கும் சத்துகள் நீரில் கலந்து பாசிக்கு உணவாகும். சிங்கப்பூரின் 17 நீர்த்தேக்கங்களும் குடிநீருக்காக இருப்பவை என்பதை நினைத்தால், இது படகோட்டிகளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல.

பயிற்றுவிப்பாளர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டிராகன் படகில் துடுப்புப் போடுபவர்கள் 20 பேர், மேளம் கொட்டுபவரும் சுக்கான் பிடிப்பவரும் சேர்ந்தால் 22 பேர். அந்தப் படகு கவிழ்ந்தால் அத்தனை பேரையும் உடனே எண்ணிப் பார்த்துக் கரை சேர்க்க விசைப்படகு பக்கத்தில் இருக்க வேண்டும். விசைப்படகே வேண்டாம் என்று ஒரு சாராரும், எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று இன்னொரு சாராரும் பிடிவாதமாக இருந்தபோது, சமூக மன்றத்தில் நடந்த கூட்டங்கள் எதற்கும் முடிவு காணாமல் கலைந்தன.

அந்த முடிச்சை அவிழ்த்தவர், துறைமுகத்தில் பல காலம் இழுவைப்படகு ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் போதும் என்று இரு தரப்பும் ஏறக்குறைய இறங்கி வந்திருந்த வேளையில், அதுதான் இருப்பதிலேயே மோசமான வேகம் என்று அவர் எழுந்து நின்று சொன்னார். சொன்னதோடு விடாமல், மறுவாரம் எங்களைப் படகுத்துறைக்கு வரவழைத்தார். துறையின் தூணில் சுண்ணக்கட்டியால் கோடுகள் கிழித்துவிட்டு, விசைப்படகை முழுவேகத்திலும் பாதி வேகத்திலும் பிறகு தவழும் வேகத்திலும் கடந்துபோகச் சொன்னார். முழுவேகத்தில் படகு நீரின் மேல் எழும்பி வழுக்கிச் சென்றது. பாதி வேகத்திலோ அதன் முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொள்ள, பின்பக்கம் அமிழ்ந்து ஏர் உழுவதுபோல் நீரைப் புரட்டியது. தூணில் மேல்கோடு வரை நனைந்தது அப்போதுதான். தவழ்ந்து போனபோது கீழ்க்கோட்டைக்கூட நீர் தொடவில்லை. அலையின் உயரம் இருமடங்கானால் அது சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் அவர் அங்கேயே விளக்கினார். ஐயா, உங்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. வேகமானியில் எந்த எண் இருக்க வேண்டும் என்ற சண்டையை விட்டுவிட்டு, கரையில் அலை எவ்வளவு எழுகிறது என்று பார்க்க எங்களைப் பழக்கியவர் நீங்கள்.

வெளிநாட்டு விதிமுறைகளைத் தேடிப் படித்து வந்த பொறியியல் மாணவிக்கும் நன்றி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், அலைச்சறுக்குக்காகவே பெரிய அலை எழுப்பும் படகுகள் கரையிலிருந்து குறைந்தது 500 அடி தள்ளி, 20 அடிக்குக் குறையாத ஆழத்தில், 50 ஏக்கருக்குக் குறையாத பரப்பில்தான் ஓட வேண்டும் என்று 2024இல் விதித்ததையும், மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட அறிக்கை அதே 500 அடியைப் பரிந்துரைத்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். அலையைப் பெரிதாக்க எடைக்காக நீர் ஏற்றி ஓடும் அந்தப் படகுகள் நம்மிடம் இல்லை என்பதால் அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது என்று அவரே எச்சரித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எல்லாரையும்விட அதிகம் விட்டுக்கொடுத்தவர்கள் பயிற்றுவிப்பாளர்கள்தான் என்பதைப் பொதுவில் சொல்ல வேண்டும். புறப்படும் இடத்தை நடு நீருக்கு மாற்றிக்கொண்டதால் ஒவ்வொரு பயிற்சியிலும் அவர்களுக்கு நேரம் வீணாகிறது. போட்டிக் காலம் நெருங்கும் நிலையிலும் அதை முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். உயிர்காக்கும் அவசரத்தில் எந்த வேகக் கட்டுப்பாடும் இல்லை என்று அவர்கள் கேட்டுப் பெற்ற விலக்கு மிகச் சரியானது. முதலில் நாங்கள் எழுதிய வரைவில் அது இருக்கவில்லை.

எந்த நேரத்தில் எந்தப் பக்கம் அலை அதிகம் என்று பொறுமையாகக் குறித்துத் தந்த மலாய் மீன்பிடி அண்ணன்மாருக்கும், கூட்டங்களுக்குக் கோப்பியும் பலகாரமும் கொண்டுவந்த எங்கள் அடுக்குமாடி புளோக் பெண்மணிகளுக்கும், குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டிருந்த அதிகாரிகளுக்கும், எதிர்த்து வாக்களித்தும் முடிவுக்குக் கட்டுப்பட்ட நண்பர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

எதிர்க்கரை வளைவில் அலையில்லாப் பகுதியின் எல்லை எதுவரை என்பது இன்னும் தீரவில்லை. பருவமழையில் நீர்மட்டம் உயர்ந்த பிறகு அங்கேயும் கோடு கிழித்துப் பார்க்கலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அந்தக் காலையில் உடனிருக்க விரும்புபவர்கள் சமூக மன்ற அறிவிப்புப் பலகையில் தங்கள் பெயரை எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
கயாக் குடும்பங்களின் சார்பில் ஒரு வட்டாரவாசி