பொருள்: உமையாக்கள் வரலாற்று நூலில் 209 முதல் 224 வரையிலான பக்கங்கள் இல்லாதது குறித்து

விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இஸ்லாமியப் பேரரசை ஆண்ட கலீபா வம்சமான உமையாக்களைப் பற்றிய உங்கள் வரலாற்று நூல் தொடர்பாக நான் பணிவோடு எழுதும் கடைசிக் கடிதம் இது. 14ஆம் ஃபாரம், அதாவது 209 முதல் 224 வரையிலான பதினாறு பக்கத் தொகுப்பு, இருக்க வேண்டிய இடத்தில் 11ஆம் ஃபாரத்தையே மறுபடியும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அச்சிட்டு விற்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது என்று நம்பித்தான் முதல் தடவை இரண்டே வரியில் எழுதினேன். மேலுறை கிழிந்திருந்தால் மாற்றித் தர இயலாது என்று பதில் வந்தது. மேலுறையைப் பற்றி நான் எங்கே சொன்னேன்?

208ஆம் பக்கத்தில் கலீபா ஹிஷாம் 743இல் ருஸாஃபாவில் இறக்கிறார். வாக்கியம் பாதியில் நிற்கிறது. பக்கத்தைப் புரட்டினால், 705லேயே இறந்துபோன அவருடைய தந்தை அப்துல் மலிக் மறுபடி எழுந்து வந்து தங்க தினார் அச்சடிக்கிறார். எடை சுமார் 4.25 கிராம், மன்னர் உருவம் கிடையாது, இருபுறமும் எழுத்து மட்டும். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பிறகு 225ஆம் பக்கத்தில், முன்பின் சொல்லாமல், அப்துர் ரஹ்மான் என்ற இளவரசர் யூப்ரடீஸ் நதியில் நீந்திக்கொண்டிருக்கிறார். கூடவே நீந்திய தம்பி, உயிருக்கு உத்தரவாதம் என்று கரையிலிருந்து வீரர்கள் கூவியதை நம்பித் திரும்பிப் போகிறான். அண்ணன் கண்ணெதிரிலேயே அவன் தலையை வெட்டுகிறார்கள். யார் அந்த வீரர்கள்? எதற்காகத் துரத்துகிறார்கள்? கலீபா குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் ஆற்றில் குதித்தார்கள்? எல்லாம் நீங்கள் விட்டுவிட்ட பதினாறு பக்கத்தில் இருக்கிறது.

இதைத்தான் உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய அந்த இளைஞரிடம் பொறுமையாகச் சொன்னேன். "பெரியவரே, ஆண்டார்கள், போனார்கள், அப்பாசியர் வந்தார்கள். முடிவுதான் எல்லோருக்கும் தெரியுமே, அதற்கு ஏன் இத்தனை கூச்சல்?" என்று கேட்டுவிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தார். நான் கூச்சல் போடவில்லை. அந்த உரையாடல் பதிவாகியிருக்கும். நீங்களே கேட்டுப் பாருங்கள்.

முடிவு தெரியுமாம்! 661இல் முஆவியா டமாஸ்கஸில் தொடங்கிய ஆட்சி, 680இல் கர்பலாவில் நபிகளின் பேரர் ஹுசைனின் ரத்தம் சிந்தியும், மக்காவில் இப்னு ஸுபைர் எதிர்க் கலீபாவாக ஆண்டும் கவிழவில்லை. 711இல் ஒரு படை ஸ்பெயினுக்குள் நுழைந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு படை சிந்துவில் இறங்கியது. அப்படிப்பட்ட அரசு, ஹிஷாம் கண்ணை மூடிய ஏழே ஆண்டில் எப்படிச் சரிந்தது? இஸ்லாத்தை ஏற்ற பிறகும் அரபியர் அல்லாதவர்களிடம் பல இடங்களில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான பழைய வரியே வசூலானது. கலீபா இரண்டாம் உமர் அதை நிறுத்த முயன்றார், அவருக்குப் பின் வந்தவர்கள் பழையபடியே போனார்கள். கைஸ், யமன் என்று அரபுக் குலங்களுக்குள் படையே இரண்டுபட்டுக் கிடந்தது. ஹிஷாமுக்குப் பின் இரண்டு ஆண்டுக்குள் நான்கு கலீபாக்கள். அவர்களில் ஒருவரைச் சொந்தக் குடும்பத்தவரே எழுந்து கொன்றார்கள். 747இல் கிழக்கே குராசானில், ஆட்சியைப் பிடிக்க முயன்ற அப்பாசியர் குடும்பத்துக்காக அபூ முஸ்லிம் கறுப்புக் கொடியை உயர்த்தினார். 750இல் ஸாப் நதிக்கரையில் அவர்களிடம் தோற்ற கடைசிக் கலீபா இரண்டாம் மர்வான் எகிப்து வரை ஓடி, அங்கே கொல்லப்பட்டார். இவ்வளவையும் நான் வேறு நூல்களில் தேடிப் படித்தேன். அப்படியானால் உங்கள் நூலுக்கு நான் ஏன் பணம் கொடுத்தேன்?

இதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்: நேரில் வந்தால் உடனே மாற்றித் தருவோம் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னதால், கொட்டும் மழையில் இரண்டு பஸ் மாறி ஊர்க்கோடியிலுள்ள உங்கள் கிடங்குக்குப் போனேன். அங்கே உட்கார நாற்காலி கூட இல்லை. மாற்றுப் பிரதியைக் கொடுத்தார்கள். உறையைப் பிரித்துப் பார்க்க விடவில்லை. வீட்டில் பிரித்தால், அதே அப்துல் மலிக், அதே தினார். அந்த அச்சு முழுவதுமே இப்படித்தான் என்று கிடங்கில் இருந்தவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கொடுத்தாரா?

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் இந்த வம்சத்தின் வீழ்ச்சி பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். உங்களால் அந்தக் கூட்டம் ஹிஷாமின் மரணத்தோடு முடிந்தது. நாற்பது ஆண்டு ஆசிரியர் பணியில் சேர்த்த மரியாதை ஒரே மாலையில் போயிற்று. இதற்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்?

உங்கள் பதிப்பகத்தின் மீது எனக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. எழுதியவர் உழைத்திருக்கிறார், 11ஆம் ஃபாரத்தை இரண்டு முறை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எனவே, தயவுசெய்து பதினைந்து நாளுக்குள் முழுமையான பிரதியை உங்கள் செலவில் கூரியரில் அனுப்புங்கள். அனுப்புமுன் 209ஆம் பக்கத்தை யாராவது ஒருவர் திறந்து பார்க்கட்டும். அந்த இளைஞரிடமிருந்து எழுத்து மூலம் மன்னிப்பும் வேண்டும். இல்லையென்றால் இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். நூலின் விலை, பஸ் கட்டணம், மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து இழப்பீடு கேட்பேன். ரசீதின் நகலை இணைத்துள்ளேன். மறுபடி தொலைபேசியில் அழைக்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்