இசைத்தட்டில் அரசியல் இல்லை என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ரெக்கார்ட் பிளேயர் மறுபடி வீடுகளுக்கு வருவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். நடுவில் 'அரசியல் இரைச்சல் இல்லாத அந்தக் காலத்து இசைத்தட்டுகள்' என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை.

உங்களுக்குத் தெரியாததா ஐயா? கே.பி. சுந்தராம்பாள் காந்தியைப் பற்றிப் பாடியது மேடையோடு நின்றுவிட்டதா? தட்டாகவும் வந்து, தலைவர்கள் கால் வைக்காத ஊர்களுக்குக்கூடப் போய்ச் சேர்ந்ததே. பாரதி பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை ஏ.வி.எம். படக் கம்பெனி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது, 1949இல் பாரதி பாட்டுகள் நாட்டுடைமை ஆனபோது அதை அவர் காசு வாங்காமல் அரசுக்குக் கொடுத்தார். ஒரு கவிஞனின் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று நாடே பேசியது அரசியல் இல்லாமல் வேறென்ன?

அப்புறம் நாகூர் ஹனீபா. என் அப்பா மைக்செட் வைத்திருந்தவர். தேர்தல் வந்தால் தி.மு.க.காரர்கள் 'ஹனீபா தட்டு இருக்கா' என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார்கள். பேச்சாளர் வந்து சேர ராத்திரி பத்து மணி ஆகும், அதுவரை கூட்டத்தைக் கலையாமல் உட்கார வைத்தது அந்தக் குரல்தான். இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான்.

வானொலியையும் சொல்ல வேண்டும். 1952இல் பி.வி. கேஸ்கர் வானொலியைக் கவனிக்கும் மத்திய அமைச்சராக வந்த பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றே போனது. சாஸ்திரிய சங்கீதம்தான் கேட்க வேண்டும் என்று டில்லியில் முடிவு செய்தார்கள், ஜனங்கள் சினிமாப் பாட்டு கேட்க ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். கடைசியில் 1957இல் சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதி ஒலிபரப்பை அகில இந்திய வானொலியே தொடங்க வேண்டியதாயிற்று. எந்தத் தட்டு சுழலலாம், எது கூடாது என்பதையே ஒரு அமைச்சகம் தீர்மானித்த காலத்தையா அரசியல் இல்லாத காலம் என்கிறீர்கள்? இப்போது ராத்திரியானால் டி.வி.யில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதுதான் அரசியல் என்று ஆகிவிட்டது. அதனால் அதற்கு முன்னால் எல்லாம் அமைதியாக இருந்த மாதிரி உங்கள் நிருபருக்குத் தோன்றியிருக்கிறது.

இதே இணைப்பில்தான் முன்பு பழைய எல்.பி. (வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த இசைத்தட்டு) ஒன்றில் சுவர்க் கடிகாரம் செய்வது எப்படி என்று அரைப்பக்கம் போட்டீர்கள். அப்போதே ஒரு கடிதம் எழுதினேன், வரவில்லை. வீணாய்ப்போன தட்டு என்று நீங்கள் நினைத்து ஓட்டை போடச் சொல்வது, யாரோ ஒருவர் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருக்கும் தட்டாக இருக்கலாம்.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். கட்டுரையோடு வந்த படத்தில், சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்.பி.யை வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெட்டி அரக்கில் செய்த, நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டுக்கானது, எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுற்ற வேண்டியது. கிராமபோனின் கனமான எஃகு ஊசி வினைல் மேல் ஒரு தடவை ஓடினாலே தட்டின் நுண்ணிய கோடுகள் சிதைந்துவிடும், பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது. படத்தைப் பார்த்துவிட்டு யாராவது வீட்டில் இருக்கும் தட்டை அப்படி வைத்துப் பார்க்கும் முன், வரும் ஞாயிறு இரண்டு வரியில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்.