கொரில்லாவும் கெரில்லாவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலாயாவில் 1948இல் தொடங்கிய அவசரகாலத்தைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையில், கம்யூனிஸ்ட் போராளிகள் காட்டில் மறைந்திருந்து குரங்குபோல் தாக்கியதால்தான் 'கொரில்லாப் போர்' என்னும் பெயர் வந்ததாக எழுதப்பட்டிருந்தது. இவ்விளக்கம் தவறு. போரைக் குறிக்கும் 'கெர்ரா' என்னும் ஸ்பானியச் சொல்லிலிருந்து பிறந்த 'கெரில்லா'வுக்குச் 'சிறுபோர்' என்பதே பொருள். 1808 முதல் நெப்போலியனின் படைகளை ஸ்பானிய மக்கள் எதிர்த்து நின்ற காலத்தில் அது பிற மொழிகளுக்கும் பரவியது. மலாய்மொழி போராளியைக் 'கெரிலா' என்றும் விலங்கைக் 'கொரிலா' என்றும் பிரித்தே எழுதுகிறது.

விலங்கின் பெயர் மிகப் பழையது. வட ஆப்பிரிக்காவின் பண்டைய கார்த்தேஜ் நகரக் கடலோடி ஹன்னோ ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாகச் சென்ற பயணத்தைக் கூறும் கிரேக்கக் குறிப்பு, உடலெங்கும் மயிரடர்ந்த மனிதர்கள் வாழ்ந்த தீவொன்றைச் சொல்கிறது. உடன்சென்ற மொழிபெயர்ப்பாளர்கள் அவர்களைக் 'கொரில்லாய்' என்றனர். பிடிபட்ட பெண்கள் மூவர் கடித்தும் கீறியும் உடன்வர மறுத்ததால் கொல்லப்பட்டு, அவர்களின் தோல் மட்டும் கார்த்தேஜுக்குக் கொண்டுசெல்லப்பட்டதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. அவர்கள் மனிதரா, வாலில்லாக் குரங்குகளா என்பது இன்றும் உறுதியாகவில்லை. காபோனில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1847இல் அமெரிக்கர்களான தாமஸ் சாவேஜும் ஜெஃப்ரீஸ் வைமனும் புதிய குரங்கினத்தை விவரித்தபோது, அப்பழஞ்சொல்லையே அதற்குச் சூட்டினர். நம் நாட்டு 'ஓராங் ஊத்தான்' என்பதும் 'காட்டு மனிதன்' என்றே பொருள்படுகிறது.

போரைக் குறிக்கும்போது 'கெரில்லா' என்றோ, 'கரந்தடிப் போர்' என்னும் நல்ல தமிழிலோ எழுதுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு