கணக்கு எண்ணுக்கும் ஒரு காவல் இலக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கடையில் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சமயத்தில் நிவாரணத்துக்குப் பதிய வருபவர்களால் கடை நிறைந்திருக்கும்.

கடற்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் ஆதார் அட்டையை நீட்டினார். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஏழாவது இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. 3 அடித்தேன், தவறான எண் என்று வந்தது. 8 போட்டதும் ஏற்றுக்கொண்டது. காரணம் பன்னிரண்டாவது இலக்கம். முதல் 11 இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம் அது. 1969-இல் நெதர்லாந்துக்காரரான வெர்ஹூஃப் வகுத்த முறை.

இலக்கங்களைச் சும்மா கூட்டினால் போதாதா? 47-ஐ 74 என்று எழுதினாலும் கூட்டுத்தொகை 11-தானே. சோப்பு டப்பாவின் பார்கோடில் ஒன்றுவிட்டு ஒன்றை 3-ஆல் பெருக்கிக் கூட்டுகிறார்கள். அதிலும் 27 என்பது 72 ஆகிவிட்டால் பிடிபடாது. வெர்ஹூஃப் ஐங்கோணத்தை எடுத்துக்கொண்டார். சம ஐங்கோணம் ஒன்றை அட்டையில் வெட்டி, மூலைகளில் பெயர் எழுதிப் பாருங்கள். அது தன் இடத்திலேயே மறுபடி பொருந்தும்படி வைக்க, அப்படியே விடுவதையும் சேர்த்துச் சுழற்றல் ஐந்து, புரட்டல் ஐந்து, ஆகப் பத்து வழிகள். பத்து இலக்கங்களுக்கும் ஆளுக்கொன்று! இலக்கங்களைக் கூட்டுவதற்குப் பதிலாக, அவற்றுக்குரிய சுழற்றல், புரட்டல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும். சுழற்றிவிட்டுப் புரட்டினால் ஒரு நிலை, புரட்டிவிட்டுச் சுழற்றினால் வேறு நிலை. வரிசை மாறினால் பெரும்பாலும் விடையும் மாறிவிடும். இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதை மாற்றிக்கொள்ளும் அட்டவணை ஒன்றும் உண்டு. இரண்டும் சேர்ந்ததால், ஒரு இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கட்டாயம் மாட்டிக்கொள்ளும். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வங்கிக் கணக்கு எண்ணில்தான் வருத்தம். நம் நாட்டில் அதன் நீளமே வங்கிக்கு வங்கி வேறு, எல்லா வங்கிக்கும் பொதுவான சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. இரண்டு முறை அடிக்கச் சொல்கிறார்கள், சரி. கையால் எழுதி வந்த துண்டுச்சீட்டே தப்பாக இருந்தால்? எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்கு வர வேண்டிய பணம் யார் கணக்கிலோ போய் விழுந்தது. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போக வேண்டிய மனிதர், வங்கிக்கு நடையாய் நடந்தார்.

ஐரோப்பாவில் ஐபேன் என்ற கணக்கு எண் உண்டு. அதன் முதல் நான்கு குறிகளைக் கடைசிக்கு நகர்த்தி, ஆங்கில எழுத்துகளை எண்களாக்கி, அந்த நீண்ட எண்ணை 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் அந்த எண்ணே செல்லாது.

இப்படி ஒரு ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி கொண்டுவர உங்கள் நாளிதழ் எழுத வேண்டும். அதுவரை, நிவாரண விண்ணப்பத்தில் கணக்கு எண்ணை அடித்ததும் கணக்குதாரர் பெயர் திரையில் வந்தால்கூடப் போதும். வாசித்துக் காட்டி, உங்கள் பெயர்தானா என்று கேட்டுவிட்டு அப்புறம் அனுப்புவோம்.

இப்படிக்கு,
வாசகி,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.