ஸ்டேஷன் தெரு மாடியறை: பர்மிங்ஹாம் மாநகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் நகரில் பேசப்படும் பல மொழிகளுள் ஒன்றில் இதை எழுதுகிறேன். ஆங்கிலப் படியைத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

2022 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகச் செய்யப்பட்ட இயந்திரக் காளை இன்று, பிளாக் சாபத் ராக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் பெயரோடு நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குள் நிற்கிறது. அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்ளாமல் போகும் வெளியூர்க்காரர்கள் குறைவு. அங்கிருந்து வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் ஸ்டேஷன் தெரு. அதன் முனையில் இருக்கும் கிரவுன் மதுவிடுதி 2014இல் மூடப்பட்டது. அதன் மாடியறைக்காகத்தான் இந்த மடல்.

ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த டோனி ஐயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட், ஆஸி ஆஸ்போர்ன் ஆகிய நால்வரும் 1968இல் தொடங்கிய குழுவுக்கு அப்போது பிளாக் சாபத் என்ற பெயர் கிடையாது. ஜிம் சிம்ப்சன் என்பவர் அந்த மாடியறையில் நடத்திவந்த ப்ளூஸ் இசை மன்றத்தில் வாசிக்க இடம் கேட்டு வந்தவர்கள் அவர்கள். அவரே பின்னர் அவர்களுடைய முதல் மேலாளராகவும் ஆனார். பெயரில்லாத பையன்களுக்கு மேடை தர ஓர் அறை இருந்ததால்தான் மற்றதெல்லாம் நடந்தது என்பது என் வாதம்.

அந்த அறைக்கு வந்து சேர்வதற்கு முன்பே இந்த இசையின் பாதி, தொழிற்சாலையில் உருவாகிவிட்டது. 1965இல் 17 வயது ஐயோமிக்குத் தகட்டுத் தொழிற்சாலையில் அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவேண்டாம் என்றுதான் இருந்தார். ஒப்புக்கொண்ட நாளை முழுதாக முடித்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தவர் அவருடைய அம்மா. வழக்கமாக அவர் செய்தது வெல்டிங் வேலை. தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரத்தை ஓட்டும் ஆள் அன்று வராததால் அவரை அதில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போயின. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கிட்டார் தந்திகளை அழுத்த வேண்டிய கையே அந்தக் கைதான். கோவையில் ஒரு தகட்டுப் பட்டறையில் சில வருடங்கள் பிரஸ் ஓட்டியவன் நான். கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்கும் அந்தச் சத்தத்தை எழுத எனக்கு விருப்பமில்லை.

இரண்டு விரல் செயலிழந்த பிறகும் கிட்டாரில் பெயர் வாங்கிய ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேலாளர் கொண்டுவந்து கேட்கவைத்தார். அதன்பின் ஐயோமி செய்தது சுத்தமான பட்டறை வேலை. பாத்திரம் துலக்கும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருட்டி, விரல் நுழையும் அளவுக்குக் குடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டை அதன்மேல் ஒட்டி, தனக்குத்தானே விரல்நுனி செய்துகொண்டார். தடித்த தந்தி விரலுக்கு அடங்காததால் பாஞ்சோ என்ற வாத்தியத்தின் மெல்லிய தந்திகளை மாட்டினார். பின்னாளில் தந்தி இன்னும் தளர்வதற்காகச் சுருதியையே இறக்கினார். உலகம் இன்று ஹெவி மெட்டல் என்று அழைக்கும் அந்தக் கனத்த ஓசையில், காயம்பட்ட ஒரு தொழிலாளி கண்டுபிடித்த மாற்றுவழிக்குப் பெரும் பங்குண்டு. குழுவின் பெயரையே தாங்கிய பாடலில் ஆதார ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஏறி, பிரதி மத்தியமத்தில் வந்து நிற்கிறார். பழைய ஐரோப்பிய இசை இலக்கணக்காரர்கள் சாத்தான் என்று பெயர் சூட்டிய இடைவெளி அது. கல்யாணி கேட்டு வளர்ந்த என் காதுக்கு அதில் சாத்தான் எதுவும் தட்டுப்படவில்லை, பாரம்தான் தெரிந்தது.

பிறகு நடந்தவை நீங்கள் அறிந்தவை. பெரும்பாலும் ஒரே நாளில் பதிவான முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்து, விமர்சகர்களின் ஏச்சையும் மீறிப் பிரிட்டனில் 8ஆம் இடம் பிடித்தது. அதே ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பம் முதலிடத்துக்குப் போனது. 2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர்களை வரவேற்றுப் பேசியவர்கள் அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவினர். 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தபோதும் அதே மெட்டாலிகா அவர்களுக்கு முன்னால் வாசித்துவிட்டுப் போனது.

நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. பிராட் ஸ்ட்ரீட்டில் பாலத்துக்கு அவர்கள் பெயர் இருக்கிறது, நால்வரின் முகத்தோடு பெஞ்சு இருக்கிறது, நகரின் உயரிய கௌரவத்தையும் 2025இல் வழங்கினீர்கள். ஆஸ்போர்ன் மறைந்த அந்த ஜூலை மாத இறுதியில் இறுதி ஊர்வலம் அந்தப் பாலத்தில் நின்றபோது, கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆனால் பெஞ்சும் காளையும் வெற்றி பெற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை. இன்னும் வெற்றி பெறாத பையன்களுக்கும் பெண்களுக்கும் இந்த நகர் என்ன வைத்திருக்கிறது என்று கேட்டால், கைகாட்ட ஸ்டேஷன் தெருவில் ஒன்றுமில்லை.

கட்டடம் மன்றத்தின் சொத்து அல்ல என்பீர்கள். 2023 செப்டம்பரில் நீங்கள் நிதி நெருக்கடியை முறைப்படி அறிவித்ததையும், அதன்பின் கலை அமைப்புகளுக்கான மானியங்கள் வெட்டுப்பட்டதையும் நானும் அறிவேன். ஆகவே பணம் கேட்கவில்லை. அந்தத் தெருவில் எந்தத் திட்டத்துக்கு அனுமதி அளித்தாலும், மாடியறை நேரடி இசைக்கான மேடையாகவே இருக்கவேண்டும் என்பதை நிபந்தனையாகச் சேருங்கள். பக்கத்தில் புதுக் குடியிருப்புகள் வந்து, சத்தம் என்ற புகாரால் அந்த மேடை மூடப்படாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். கீழே நினைவுச்சின்னம் ஏதேனும் வைப்பதானால் கையெழுத்திட்ட கிட்டாருக்குப் பதிலாக ஒரு பழைய பிரஸ்ஸையும், அதன் பக்கத்தில் ஒரு காலிப் பிளாஸ்டிக் பாட்டிலையும் வையுங்கள்.

திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, முடிவைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆஸ்டனில் வசிக்கும் ஒரு முன்னாள் பிரஸ் தொழிலாளி