பீக்கோ பாதையில் எங்கள் கதையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் தேயிலை மலைகளில், கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதையின் முதல் இரண்டு கட்டங்களைப் போன மாதம் நடந்தேன். லூல்கந்துரை தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை இலங்கையில் முதன்முதலாக வணிகத்துக்குத் தேயிலை நட்டதை வழிகாட்டி நெடுநேரம் விளக்கினார். சரி, தெரிய வேண்டியதுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்து காட்டை வெட்டித் திருத்திய எங்கள் பூட்டன் பூட்டிமாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கொழுந்துப் பையின் கயிறு உச்சந்தலையில் அழுந்த, ஈரச் சேலையோடு ஒரு அம்மா சரிவில் இறங்கினார். எல்லோரும் படம் எடுத்தார்கள். ஒருவரும் பெயர் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வளரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுங்கள். மன்மதன் எரிந்த கதையை மாசியில் ஆடும் காமன் கூத்தைப் பற்றி அவர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த ஓய்வுபெற்ற ஆசிரியை